பலேர்மோவில் பனிச்சில்லு தேடிய கதை

பலேர்மோவில் போய்ப் பனியில் கார் ஓட்டுவதற்கான ரயர் வேண்டும் என்று கேட்டால், கடைக்காரர் முதலில் உங்கள் முகத்தைப் பார்ப்பார், பிறகு வானத்தைப் பார்ப்பார், அதன் பிறகுதான் சிரிப்பார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. டிசம்பர் மாதத்தில் வீதியோரத்துத் தோடை மரங்களில் ஆரஞ்சு பழுத்துத் தொங்குகிற ஊர் அது. ஜெர்மனியில் போட்டுக்கொண்டு புறப்பட்ட தடித்த கோட்டை ரயிலடியிலேயே கழற்றிவிட்டேன். அங்கே நின்ற நாட்களெல்லாம் அதைக் கையில் தூக்கிக்கொண்டு திரிந்ததுதான் மிச்சம்.

நான் ஊர் பார்க்கப் போகவில்லை. என் மனைவி மலரையும் மகள் தர்சிகாவையும் கூட்டிக்கொண்டு வரப் போனேன். யாழ்ப்பாணத்தை விட்டு நான் முதலில் வெளிக்கிட்டேன். ஜெர்மனி என்னை ஏற்றுக்கொள்ளலாமா என்று ஆற அமர யோசித்துக்கொண்டிருந்தது. பின்னால் வெளிக்கிட்ட அவர்களை ஏஜென்சிக்காரன் இத்தாலியில் இறக்கிவிட்டுக் காணாமல் போனான். மலர் பலேர்மோவில் வேலை தேடி, பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி எடுத்து, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். இப்படியே ஏழு வருடம் போய்விட்டது. இனி நீங்கள் ஒன்றாக இருக்கலாம் என்று ஜெர்மன்காரர் சொன்ன மறுவாரமே நான் ரயில் ஏறிவிட்டேன்.

ரயிலில் போய்க் காரில் திரும்புவதுதான் திட்டம். லிபெர்த்தா வீதியில் மலர் வேலை செய்கிற வீட்டின் எசமானி, சிஞ்ஞோராவிடம் ஒரு ஸ்டேஷன் வாகன் இருந்தது. பின்பக்கம் நீண்டு, ஒரு குடும்பமும் அதன் சட்டிபானைகளும் ஏறக்கூடிய கார். அவருடைய மகன் மிலானோவுக்குப் போனபின் அது முற்றத்தில் சும்மா நின்றது. புருஷன்காரன் வருகிறான் என்று கேள்விப்பட்டதும், எடுத்துக்கொண்டு போங்கள் என்று சிஞ்ஞோரா கொடுத்துவிட்டார்.

ரயிலடியில் மகள் தாய்க்குப் பின்னால் நின்றாள். நான் வெளிக்கிட்டபோது தவழ்ந்து திரிந்தவள், இப்போது மூன்றாம் வகுப்பு. தொலைபேசியில் என் குரலை அவளுக்குத் தெரியும், முகத்தைத்தான் தெரியாது. நான் பேசியபோது தலையைக் குனிந்து, நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் தாயின் முதுகுக்குப் பின்னால் முகத்தை மறைத்தாள்.

"அப்பாவோடை கதையன் பிள்ளை" என்றாள் மலர்.

"ஓம், கதைக்கிறன்" என்றாள் மகள். ஆனால் கதைக்கவில்லை.

அன்று சாந்தா லூசியா என்ற புனிதையின் திருநாள். பலேர்மோவில் அன்றைக்கு ஒருவரும் பாண், ரொட்டி ஒன்றும் சாப்பிடமாட்டார்களாம். நானோ ஜெர்மனியில் ஒரு பேக்கரியின் வான் வண்டியில் பாண் ஏற்றி இறக்கிச் சீவிக்கிறவன். என்னைப் போன்ற ஒருவன் இறங்குவதற்கு அதைவிடப் பொருத்தமான நாள் கிடைக்காது. பாணுக்குப் பதிலாக அரஞ்சீனே என்று தோடம்பழ அளவில் சோற்றுருண்டை பொரித்துத் தந்தார்கள். உள்ளே இறைச்சிக் குழம்பும் பட்டாணியும் இருந்தன. இரண்டு சாப்பிட்டேன். மலர் மூன்றாவதை வைக்கவில்லை. நான் எவ்வளவு சாப்பிடுவேன் என்பது முன்பு அவளுக்குத் தெரிந்திருந்தது.

வீடு ஒரு அறையும் ஒரு ஹாலும். ஹாலில் மடக்குக் கட்டிலை விரித்து வெள்ளைத் துணி போட்டிருந்தாள். "பயணக் களைப்பு, ஆறுதலாப் படுங்கோ" என்று சொல்லிவிட்டு, மகளோடு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த நாளும் அப்படித்தான். அன்றைக்குப் பயணக் களைப்பு என்று சொல்ல வழியில்லாததால் ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குக் கார் இருந்தது நல்லதாய்ப் போயிற்று. ஆணுக்குக் காரைப் பற்றிக் கவலைப்பட முடிந்தால் வேறு எதைப் பற்றியும் கவலைப்படத் தேவையில்லை. முற்றத்தில் நின்ற வாகனைச் சுற்றி வந்தேன். வெளித்தோற்றம் மாப்பிள்ளை மாதிரி. ஆனால் முன் சக்கரத்துச் சில்லின் ஓட்டைகளுக்குள் குனிந்து பார்த்தால், பிறேக் பிடிக்கிற இரும்புத் தட்டு கடல்காற்றில் செங்கல் நிறத்துக்குத் துருவேறியிருந்தது. மெதுவாக உருட்டி மிதித்தபோது இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம் பல்லைக் கூச வைத்தது.

துறைமுகத்துக்குப் பின்னால் ஒரு ஒழுங்கையில் கராஜ் இருந்தது. மெக்கானிக் சால்வோவுக்குப் பெரிய வயிறும் சின்னக் குரலும், ஜெர்மனியில் உழைத்த காலத்துக் கொஞ்ச ஜெர்மனும். சில்லைக் கழற்றிப் பிறேக் கட்டைகளை எடுத்துக் காட்டினார். உரசித் தேய்ந்து விசுக்கோத்து மாதிரி இருந்தன. பிறேக் ஒயில் சாயத் தேநீரின் நிறத்தில் வந்தது. நாட்பட்ட ஒயில் தண்ணீரை இழுக்கும். மலை இறக்கத்தில் அது சூடாகிக் கொதித்தால் பெடல் தரை வரைக்கும் போகும், கார் நிற்காது. பேக்கரி வானில் இதை ஒருமுறை அனுபவித்தவன் நான். பாண் முழுக்க ஒரு கோழிப்பண்ணை வாசலில் போய்க் கொட்டியது. அன்று கோழிகளைத் தவிர ஒருவரும் சந்தோஷப்படவில்லை.

புதுக் கட்டையும் புது ஒயிலும் போட்டபின், பிறேக் குழாயில் தங்கிய காற்றை எடுப்பதற்கு இரண்டு பேர் வேண்டும். நான் ஏறி இருந்து பெடலை மிதிக்க, சால்வோ கீழே படுத்துக்கொண்டு கட்டளையிட்டார்.

"அமத்து. பிடி. விடாதே, பிடி! இப்போது விடு."

நான்கு சில்லுக்கும் அப்படியே செய்தோம். அந்தப் பயணத்தில் ஒருவர் சொன்னதும் நான் செய்ததும் அவ்வளவு ஒத்துப்போனது அந்த ஒரு மணி நேரத்தில்தான். வேலை முடிந்ததும் அவர் காரைத் துறைமுக வீதியில் ஓட்டி, ஒரு சொல்லும் சொல்லாமல் திடீரென்று நிறுத்தினார். என் நெற்றி கண்ணாடிக்கு ஒரு சாண் வரைக்கும் போய் வந்தது.

"இந்த ஊரில் ஹோர்ன்தான் முக்கியம். பிறேக் சும்மா அழகுக்கு. ஆனால் நீ மலை தாண்டி ஜெர்மனிக்குப் போகிறாய்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் பெற்றோல் தடைப்பட்டிருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம். கிளப்புவதற்கு மட்டும் சொட்டுப் பெற்றோல். அந்தக் கார்கள் ஓடுவதே அதிசயம் என்பதால் நிற்குமா என்று யாரும் கேட்டதில்லை. ஜெர்மனியில் நேர்மாறு. அங்கே ஓடுவதற்கு முன் நிற்கும் என்று நிரூபிக்க வேண்டும். பலேர்மோ இரண்டுக்கும் நடுவில் இருந்தது.

அடுத்தது ஜெர்மன் பனிக்குத் தேவையான சில்லு. பொலிதேயாமாச் சதுக்கத்துக் கடைகளில் வானத்தைப் பார்த்துச் சிரித்தார்கள் என்று சொன்னேன் அல்லவா? கடைசியில் சிரிக்காத ஒருவர், மடோனியே மலையில் பனிச்சறுக்கு விளையாடப் போகிற தன் மைத்துனரிடம் அனுப்பினார். பலேர்மோவிலிருந்து கொஞ்ச நேர ஓட்டத்தில் பனி இருக்கிறது என்பதே எனக்குப் புதினம். மைத்துனரின் கொட்டிலில் பழைய பனிச்சில்லுகள் கிடந்தன. மொழிபெயர்க்க மகள் வந்திருந்தாள்.

ஒரு சோடி அகலமானது, வெள்ளிபோல் மினுங்குகிற உலோக வளையம். மற்றது ஒடுங்கிய ரயர், கறுத்த இரும்பு வளையம். அதில் நாலு இருந்தன. மகள் மினுங்குகிறதைக் காட்டினாள்.

"இது வடிவா இருக்கு."

"ஓம் பிள்ளை. ஆனா பனியிலை அகலமான ரயர் மேலாலை மிதந்து போகும். ஒடுங்கினது வெட்டிக்கொண்டு கீழை இறங்கும். தரையைப் பிடிச்சாத்தான் நிக்கலாம்."

"அங்கை அவ்வளவு பனியோ?"

"உம்மடை இடுப்பு மட்டுக்கு."

அவள் தன் இடுப்பைக் குனிந்து பார்த்தாள். எனக்கு அந்த நேரம் அவளைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும் போல் இருந்தது. அதற்குரிய வயதை அவள் என்னைக் கேளாமலே தாண்டியிருந்தாள்.

ரப்பரை நகத்தால் அமத்திப் பார்த்தேன், இறுகிப்போகவில்லை. பற்களுக்குள் நாணயத்தை விட்டுப் பார்த்தேன், ஆழம் போதும். முன்னுக்கு இரண்டு போட்டாலே காணும், இழுக்கிறது முன்சில்லுதானே என்றார் மைத்துனர். நாலும் வேண்டும் என்றேன். முன்சில்லு பிடித்துப் பின்சில்லு பிடிக்காவிட்டால், பிறேக் அமத்தும்போது பின்பக்கம் சுழன்று முன்னால் வந்துவிடும். பின்னாலே இருக்கப்போவது என் பிள்ளை. இதையெல்லாம் இத்தாலி மொழியில் சொல்ல எனக்கு வராது. மகள் ஒரே வசனத்தில் முடித்தாள்:

"இந்தச் சிஞ்ஞோரேவுக்கு நாலும் வேண்டுமாம்."

எனக்கு அந்த அளவு இத்தாலி விளங்கும். இந்த ஐயாவுக்கு நாலு சில்லு கிடைத்தது.

கீழ்வீட்டில் முத்துசாமி என்று ஒரு மொரீசியஸ் தமிழர் இருந்தார். ஹோட்டல் ஒன்றில் துப்புரவு வேலை. தமிழில் பத்துச் சொல் பேசுவார். ஆனால் தேவாரத்தைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதி வைத்து, ஒரு எழுத்துப் பிசகாமல் பாடுவார். தூரப் பயணம் போகிற காருக்குப் பூசை செய்யாமல் விடுவதா என்று ஒற்றைக் காலில் நின்றார். எலுமிச்சம்பழத்துக்குச் சிசிலியில் பஞ்சமா? நான் சம்மதித்தேன்.

புறப்படுவதற்கு முதல் நாள் காலையில், வீட்டு ஒழுங்கையில் காரை ஜாக்கியில் ஏற்றிச் சில்லு மாற்றினேன். பின்சில்லு இரண்டும் முடிந்தது. முன்சில்லு இரண்டையும் கழற்றி வைத்த நேரம், மலர் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டாள். நான் மேலே போய்க் குடித்துவிட்டு வந்தபோது, முன்சில்லுகள் பூட்டியிருந்தன. முத்துசாமி வியர்வை வடிய நின்றார். நட்டுகளை முறுக்கிப் பார்த்தேன், இறுக்கமாகத்தான் இருந்தன. நல்ல வேலை ஐயா என்று தோளில் தட்டினேன்.

சந்தனம், குங்குமம், கற்பூரம். முத்துசாமி பாடினார். எதிரே தாமரை மொட்டுப் போன்ற கூனைப்பூ விற்கிற தள்ளுவண்டிக்காரர் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்தார். தேங்காய் ஒரே அடியில் பிளந்தது. நாலு சில்லுக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். மலர் முன்னால் ஏறினாள், மகள் பின்னால். ஏழு வருடத்தில் நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகக் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடியில் மகளைப் பார்த்துவிட்டுக் காரைக் கிளப்பினேன்.

பழங்கள் நசிந்தன. கார் ஒழுங்கையின் இறக்கத்தில் இறங்கியது. நான் பிறேக்கை மிதித்தேன். பெடல் கல்லுப்போல் இறுக்கமாக நின்றது, கார் நிற்கவில்லை. இரண்டு காலாலும் மிதித்தேன். அது தன் பாட்டில் போனது. கைப்பிறேக்கை இழுத்தபோது பின்சில்லு கத்திக்கொண்டு பிடித்தது. கூனைப்பூ வண்டியில் முட்டித்தான் நின்றது. கூனைப்பூக்கள் உருண்டு ஒழுங்கை முழுக்கப் போயின.

ஒருவருக்கும் காயமில்லை. மகள் கதவைத் திறந்து பாய்ந்தோடி, வண்டிக்காரரின் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவரை அவளுக்கு நாளாந்தம் பழக்கம். கிழவர் ஒரு கையால் அவள் தலையைத் தடவி, மறு கையை என்னை நோக்கி ஆட்டினார்.

"குழந்தையை வைத்துக்கொண்டு இப்படியா ஓட்டுவது? யார் இந்த ஆள்?"

மகள் விம்மிக்கொண்டே சொன்னாள்: "என் அப்பா."

ஒழுங்கை முழுக்கக் கேட்டது. சந்தோஷப்படுவதா, வெட்கப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து கூனைப்பூ பொறுக்கினேன்.

அப்போதுதான் மணம் வந்தது. சூடான தேங்காயெண்ணெய் மணம், வடை சுடுகிற வீட்டில் போல. முன்சில்லுக்குக் கிட்டப் போனேன், அங்கேதான். முத்துசாமி ஓடி வந்தார். பூசைக்கு முன் வேல், கத்தி, அலவாங்கு எல்லாவற்றையும் எண்ணெய் தடவித் துடைப்பது அவர்கள் வழக்கம். இரும்பைத் துருவோடு சாமிக்கு முன் வைக்கக்கூடாது. சில்லைக் கழற்றியபோது, கடல்காற்றில் திரும்பவும் துருவேறத் தொடங்கியிருந்த அந்த இரும்புத் தட்டைக் கண்டிருக்கிறார். பக்தியோடு, ஓரம் விடாமல் எண்ணெய் பூசியிருக்கிறார்.

பிறேக் தட்டில் எண்ணெய் பட்டால் கட்டை வழுக்கும். இதைச் சொன்னதும் அந்த மனிதர் தலையில் அடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காரில் என்னளவு அக்கறை காட்டிய வேறு ஆள் அவர்தான்.

கைப்பிறேக்கில் ஊர்ந்து ஊர்ந்து கராஜுக்குக் கொண்டுபோனேன். மலரும் வந்தாள்; காரில் ஏறாமல் கூட நடந்து வந்தாள். எண்ணெய் குடித்த கட்டைகளைச் சால்வோ வாளிக்குள் எறிந்தார். தட்டைக் கழுவிப் புதுக் கட்டை போட வேண்டும் என்றார். சிசிலியர் எல்லாவற்றுக்கும் எண்ணெய் விடுவார்கள், ஆனால் இதற்கு விட்டதில்லை என்று சொல்லிச் சிரித்தார். நாங்கள் வாசலில் பழைய ரயர் அடுக்கில் இருந்தோம்.

"இஞ்சேருங்கோ, நான் வரேல்லை" என்றாள் மலர்.

"ஓம், நாளைக்கு வேண்டாம். பிறேக் வடிவாச் செய்து முடியட்டும்."

"நாளைக்கு எண்டு இல்லை. நான் வரவே இல்லை."

சில்லு திருகுகிற சத்தம் உள்ளே கேட்டுக்கொண்டிருந்தது.

"பயந்திட்டீரோ? சகுனம் எண்டு நினைக்கிறீரோ?"

"சகுனமும் இல்லை, ஒண்டும் இல்லை. கார் முட்டி நிண்டவுடனை எனக்கு என்ன நினைப்பு வந்தது தெரியுமோ? அப்பாடா, இனி நாளைக்குப் போகத் தேவையில்லை எண்டு. பிள்ளை அங்கை அழுதுகொண்டு நிக்கிறாள், எனக்கு நெஞ்சு லேசாப் போச்சு. அப்பத்தான் எனக்கே விளங்கினது."

"அப்ப நான் இஞ்சை வரட்டோ?"

உடனே இல்லை என்று சொல்லவில்லை, யோசித்தாள். அது இன்னும் வலித்தது.

"உங்களிலை ஒரு பிழையும் இல்லை. நான் ஏழு வருசமா எல்லாத்தையும் தனியச் செய்து பழகிட்டன். வீட்டுக்குள்ளை இன்னொரு ஆள் நடமாடுறது இடைஞ்சலாக் கிடக்கு. சொல்ல வெக்கமா இருக்கு, ஆனா அதுதான் உண்மை. காரை நீங்கள் கொண்டு போங்கோ. பிள்ளையைக் கோடை லீவுக்கு அனுப்பிறன்."

கோடையில் ஜெர்மனியிலும் பனி இல்லை. "உமக்கு எது நல்லதோ" என்றேன். அவள் என் முழங்கையை ஒருமுறை தொட்டுவிட்டு, சிஞ்ஞோராவுக்கு மருந்து கொடுக்கிற நேரம் என்று எழும்பிப் போனாள். ஏழு வருடமும் நான் தனியாகத்தான் இருந்தேன், ஆனால் அதற்குக் காத்திருத்தல் என்று பெயர் வைத்திருந்தேன். அந்த ரயர் அடுக்கில் வெயில் காய இருந்தபோது பெயர் கழன்றுவிட்டது.

ஜெனோவாவுக்குப் போகிற கப்பலில் காருக்கு இடம் இருந்தது. போகிற நாள் காலையில் மகள் பள்ளிக்கூடப் பையோடு கீழே வந்தாள். கறுத்த சில்லைக் காலால் மெல்லத் தட்டி, "அப்பா, கவனமாப் போங்கோ" என்றாள். எவரும் சொல்லிக் கொடுக்காமல், தானாக. முத்துசாமி கண்ணில் படவில்லை. காரின் முன் கண்ணாடிக்குக் கீழே ஒரு பை தோடம்பழம் மட்டும் வைத்திருந்தார். பிறேக் நன்றாகப் பிடித்தது. ஒவ்வொரு சந்தியிலும் தேவைக்கு மேலே மிதித்துப் பார்த்தேன்.

துறைமுக வாசலுக்கு முன்னால் பெற்றோல் அடிக்க நிறுத்தினேன். பெற்றோல் அடிக்கிறவர் வயதானவர், கையாலும் சேர்த்துப் பேசுகிறவர். காரைச் சுற்றி வந்தவர் பின்சில்லை விரலால் தட்டிப் பார்த்து, காற்று அளக்கிற கருவியை எடுத்துவந்தார்.

"நிறையக் காற்று இருக்கிறது. யார் ஏற்றியது?"

நான்தான் ஏற்றச் சொன்னேன். ஒரு குடும்பமும் அதன் சாமான்களும் பின்னால் இருக்கும், அந்தப் பாரத்துக்கு ஏற்றுங்கள் என்று கராஜில் சொல்லியிருந்தேன்.

"பனிக்குப் போகிறாயா?"

"ஓம்."

"இவ்வளவு காற்றும் வெறும் காரும் என்றால் பின்பக்கம் தரையைப் பிடிக்காது. பிறேக் அமத்தினால் துள்ளும். காற்றை வெளியே விட வேண்டும்." அவர் குனிந்து காற்று வாயின் மூடியைக் கழற்றினார். பிறகு நிமிர்ந்து பின் கண்ணாடியால் உள்ளே பார்த்தார். ஒரு பெட்டி, ஒரு கோட்டு, ஒரு பை தோடம்பழம். "மற்றவர்கள் வழியில் ஏறுவார்களா? ஏறுவார்கள் என்றால் கொஞ்சக் காற்றை உள்ளேயே விட்டு வைக்கிறேன்."

அதுவரை நான் அதை எவருக்கும் சொல்லியிருக்கவில்லை.

"இல்லை" என்றேன். "நான் ஒருவன்தான். ஒரு ஆளுக்குத் தேவையான காற்றை மட்டும் உள்ளே வையுங்கள்."

அவர் தலையாட்டிவிட்டு ஊசியை அமத்தினார். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. பின்பக்கம் மெல்லப் பதிந்தது. அவர் கருவியைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்று சொல்லித் திரும்பவும் அமத்தினார்.